சக வயதினர் நீதிமன்றத்தில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

முந்தைய அத்தியாயங்களில் உணவு வங்கி, நூலகம், முதியோர் இல்லம் ஆகிய இடங்களில் பதின்வயதுப் பிள்ளைகள் செய்யக்கூடிய பணிகளைப் பார்த்தோம். இந்த அத்தியாயத்தில் வரும் பணி, அமெரிக்காவில் குடியேறிய நம் பெற்றோர் பலருக்குப் பழக்கமில்லாதது. இங்கே பிள்ளைகள் நீதிமன்றத்தில் உட்காருகிறார்கள். தங்கள் வயதுப் பிள்ளை ஒருவர் செய்த சிறு குற்றத்தை விசாரித்து, அதற்கு என்ன பரிகாரம் என்று முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு நடைமுறைக்கும் வருகிறது. பள்ளி நாடகத்திலோ பேச்சுப் போட்டியிலோ கிடைக்காத பொறுப்பு இது. ஆகவே முழு விவரமும் தெரிந்துகொண்டு பிள்ளையை அனுப்புங்கள்.

இது எப்படிப்பட்ட நீதிமன்றம்?

டீன் கோர்ட், யூத் கோர்ட், பியர் கோர்ட் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அடிப்படை ஒன்றுதான். முதல் முறையாகச் சிறு குற்றத்தில் சிக்கிய பிள்ளையை வழக்கமான சிறார் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், காவல்துறையோ நன்னடத்தை அலுவலரோ பள்ளியோ இங்கே அனுப்புகிறார்கள். கடையில் பொருள் எடுத்தது, சுவரில் கிறுக்கியது, பள்ளியில் கைகலப்பு, வயது வருமுன் மது வைத்திருந்தது போன்றவைதான் பெரும்பாலும் வரும். கொடுங்குற்றங்கள் இங்கே வருவதில்லை.

பெரும்பாலான இடங்களில், பிள்ளை தன் செயலை ஒப்புக்கொண்டு பெற்றோரும் சம்மதித்தால்தான் வழக்கு இங்கே எடுக்கப்படும். ஆகவே குற்றம் நடந்ததா இல்லையா என்ற வாதம் அநேகமாக இருக்காது. ஏன் நடந்தது, யாருக்கு என்ன பாதிப்பு, அதை எப்படிச் சரிசெய்வது என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் விடை தேடுகிறார்கள். கொடுத்த உத்தரவைக் குறித்த காலத்துக்குள் நிறைவேற்றிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும். நிறைவேற்றாவிட்டால், அனுப்பிய இடத்துக்கே திரும்பும்.

சிறார்களே சிறார்களை விசாரிக்கும் எண்ணம் பழையது. நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரீவில்லில் 1895-ல் வில்லியம் ஜார்ஜ் தொடங்கிய சிறார் குடியிருப்பிலேயே பிள்ளைகள் தங்களுக்குள் நீதிமன்றம் நடத்தினார்கள். இன்று நாம் காணும் வடிவம் பரவியது டெக்சாஸின் ஒடெசா நகரில் 1983-ல் தொடங்கிய நீதிமன்றத்திலிருந்து. அதை உருவாக்கிய நாட்டலி ராத்ஸ்டீனின் முறையைப் பல ஊர்கள் பின்பற்றின. 2010-ல் அமெரிக்கா முழுவதும் இத்தகைய நீதிமன்றங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன.

நான்கு அமைப்புகள்

உங்கள் ஊரில் இருப்பது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குக் கிடைக்கும் வேலை அதைப் பொறுத்தது.

1. பெரியவர் நீதிபதி: வழக்கறிஞரோ நீதிபதியோ மேலே உட்காருவார். வாதிடுவதும் ஜூரியாக இருப்பதும் பிள்ளைகள். பெரும்பாலான ஊர்களில் இதுதான்.

2. இளையோர் நீதிபதி: நீதிபதி இருக்கையிலும் அனுபவம் பெற்ற தன்னார்வலரான பிள்ளையே இருப்பார்.

3. இளையோர் ஆயம்: ஜூரி கிடையாது. பிள்ளைகள் மூவர் நீதிபதிகளாக அமர்வார்கள். இரு தரப்பு வாதங்களையும் கேட்டு முடிவு சொல்வார்கள்.

4. ஜூரி முறை: வழக்கறிஞர்கள் கிடையாது. ஜூரிகளே வழக்குக்கு வந்த பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்பார்கள்.

அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 1989 முதல் நடப்பது மூன்றாம் வகை. அங்கே சேரும் மாணவர்கள் வழக்கறிஞர்கள் நடத்தும் சட்ட வகுப்புகளுக்குப் போய், இறுதியில் தேர்வும் எழுதித் தேறவேண்டும். தேறியவர்களே வாதிடலாம்.

என்னென்ன வேலைகள்?

பிள்ளைகள் எல்லோரும் வழக்கறிஞர் வேலையையே கேட்பார்கள். மற்ற வேலைகளுக்கும் அதே மதிப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

*சமூகத் தரப்பு வழக்கறிஞர்:* பாதிக்கப்பட்டவர், கடை, பள்ளி, அக்கம்பக்கம் ஆகியோருக்காகப் பேசுபவர். இந்தச் செயலால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எடுத்துச் சொல்வார். வந்த பிள்ளையைக் கெட்டவன் என்று நிரூபிப்பது இவர் வேலையில்லை.

*பிள்ளைத் தரப்பு வழக்கறிஞர்:* வழக்குக்கு வந்தவரை விசாரணைக்கு முன்பே சந்தித்துப் பேசி, அவருடைய சூழ்நிலையையும் நல்ல பக்கத்தையும் எடுத்துவைப்பவர். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளில் சிலர் இந்த வேலையில் நன்றாகப் பிரகாசிப்பார்கள். மற்றவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க அவர்களுக்குத் தெரியும்.

*ஜூரி:* கேட்டு, கலந்து பேசி, உத்தரவை எழுதுபவர்கள்.

*பெய்லிஃப், எழுத்தர்:* நம்மூர் நீதிமன்றத்தில் டவாலியும் எழுத்தரும் செய்யும் வேலை. பெயர் அழைப்பது, உறுதிமொழி வாங்குவது, ஆவணங்களைச் சரிபார்ப்பது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இங்கிருந்து தொடங்கினால், வழக்குகள் நடக்கும் விதம் பார்த்துப் பார்த்தே பிடிபட்டுவிடும்.

சேர்வதற்கு முன்

உங்கள் மாவட்டத்தின் சிறார் நீதிமன்ற அலுவலகத்திலோ, நகராட்சி நீதிமன்றத்திலோ, பள்ளி ஆலோசகரிடமோ கேட்டால் விவரம் கிடைக்கும். சில ஊர்களில் பள்ளிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துகின்றன. வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கவேண்டியவை:

- பயிற்சி எத்தனை வாரம்? யார் நடத்துகிறார்கள்?
- விசாரணை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடியும்?
- மாதத்துக்கு எத்தனை முறை வரவேண்டும்? தேர்வுக் காலத்தில் விடுப்பு உண்டா?
- விசாரணையின்போது பெரியவர் ஒருவர் எப்போதும் உடனிருப்பாரா?
- மனத்தைக் கலங்கடிக்கும் வழக்கு வந்தால் பிள்ளை யாரிடம் பேசலாம்?
- ஒரு விசாரணையைப் பார்வையாளராகக் காண அனுமதி உண்டா?

கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் அவசியம் போங்கள். ஒரு மாலை அங்கே உட்கார்ந்தால், இந்தப் பணி தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளையே சொல்லிவிடும்.

கேள்வி கேட்கும் முறை

பயிற்சியில் சட்டச் சொற்கள், நீதிமன்ற மரியாதை, வாதத்தின் வரிசை எல்லாம் சொல்லித் தருவார்கள். அவற்றை யாரும் கற்றுக்கொள்ளலாம். பழகுவதற்குக் கடினமானது கேள்வி கேட்பது. இந்த நீதிமன்றம் நன்றாக நடப்பதும் சொதப்புவதும் பிள்ளைகள் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது.

பயிற்சிக்காக ஒரு மாதிரி வழக்கை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயதுப் பையன். மின்னணுப் பொருள் கடையில் நாற்பது டாலர் இயர்போனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியேறினான். மறுநாள் கேமராவில் பார்த்து அடையாளம் கண்டுபிடித்தார்கள். பொருள் சேதமில்லாமல் கடைக்குத் திரும்பிவிட்டது. இதற்கு முன் எந்தப் புகாரும் கிடையாது.

புதிய ஜூரி ஒருவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"திருடுவது தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் செஞ்ச?"

"தெரியல."

இதற்குமேல் போக வழியில்லை. இரண்டும் பெரியவர்கள் அவனிடம் பலமுறை கேட்டுவிட்ட கேள்விகள். பதிலும் தயாராக இருக்கிறது. இப்போது இன்னொருவர் கேட்கிறார்:

"கடையிலேர்ந்து நேரா எங்க போன?"

"வீட்டுக்கு."

"போய் அதை எங்க வெச்ச?"

"அக்கா மேசைமேல."

"யாருக்காக எடுத்த?"

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெதுவாக வருகிறது: "அக்காவோடத நான் தொலைச்சுட்டேன். அவ வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சு வாங்கினது. சொல்லப் பயமா இருந்துச்சு."

வழக்கு இங்கே திறந்துகொள்கிறது. நாற்பது டாலர் திருட்டுக்குப் பின்னால் சொல்லப்படாத ஓர் உண்மையும் வீட்டில் ஒரு பயமும் இருக்கின்றன. செய்தது சரியென்று ஆகிவிடாது. ஆனால் பரிகாரம் என்னவென்று இப்போது தெரிகிறது.

இந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று விதிகள் போதும்:

முதலாவது, 'ஆமாம்', 'இல்லை' என்று முடிந்துவிடும் கேள்வியைத் தவிர்க்கவேண்டும். 'என்ன', 'எங்கே', 'யார்', 'அப்புறம்' என்று தொடங்கும் கேள்விகள் பேச வைக்கும். 'ஏன்' என்ற சொல் அதட்டல்போல் ஒலிக்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கேள்விக்குள் அறிவுரையை ஒளித்துவைக்கக் கூடாது. "அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்படுவாங்கன்னு யோசிச்சியா?" என்பது கேள்விக்குறி போட்ட கண்டிப்பு.

மூன்றாவது, பதில் வராவிட்டால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவக் கூடாது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கவேண்டும். பல உண்மைகள் அந்த இடைவெளியில்தான் வெளியே வருகின்றன.

உத்தரவு எழுதும் முறை

கேள்விகள் முடிந்ததும் ஜூரிகள் தனி அறைக்குப் போய்க் கலந்து பேசுவார்கள். பல நீதிமன்றங்களில் எவ்வகைக் குற்றத்துக்கு எத்தனை மணி நேரம் சமூக சேவை என்று குறைந்தபட்ச, அதிகபட்ச வரம்பு இருக்கும். அதற்குள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே பிள்ளைகளின் பொறுப்பு. சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், இழப்பீடு, கட்டுரை, பயிலரங்கு, வேறொரு வழக்கில் ஜூரியாக உட்காருவது ஆகியவை வழக்கமாகக் கையில் இருக்கும் உத்தரவுகள்.

புதியவர்கள் கடுமையாகத்தான் தொடங்குவார்கள். நம் மாதிரி வழக்கில் ஒருவர், "வரம்பு எவ்வளவோ அவ்வளவு மணி நேரமும் போடுவோம்" என்பார். இன்னொருவர் தன் குறிப்பைப் பார்த்து, "பள்ளி விட்டதும் தம்பியை அழைத்துவர அவன்தானே போகிறான், வார நாளில் எப்படி முடியும்?" என்று கேட்பார். அந்தத் தகவலைக் காதில் வாங்கி எழுதிவைத்தவரால் உத்தரவு நடக்கக்கூடியதாகிறது. கடைசியில் அவர்கள் எழுதுவது இப்படி இருக்கலாம்: சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் 12 மணி நேரச் சேவை, கடை மேலாளருக்குக் கையால் எழுதிய மன்னிப்புக் கடிதம், இரண்டு முறை ஜூரிப் பணி, அக்காவிடம் நேரில் உண்மையைச் சொல்வது. பொருள் திரும்பிவிட்டதால் இழப்பீடு வேண்டாம்.

உத்தரவில் கையெழுத்திடுமுன் ஜூரிகள் தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டியவை நான்கு. நடந்த தவறுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா? குறித்த காலத்துக்குள் இந்தப் பிள்ளையால் செய்ய முடியுமா? பாதிக்கப்பட்டவருக்கு இதில் ஏதாவது கிடைக்கிறதா? பிள்ளையை யார் முன்னாவது கூனிக்குறுக வைக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் அந்த வரியை அடித்துவிடவேண்டும். அவமானத்தால் திருந்தினவர்களைவிட, அவமானத்தால் முரண்டு பிடித்தவர்களே அதிகம் என்பது பிள்ளை வளர்த்த யாருக்கும் தெரியும்.

உத்தரவில் வரும் ஜூரிப் பணியைப் பலர் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் இந்த அமைப்பின் உயிரே அதுதான். நேற்று எதிரே உட்கார்ந்து பதில் சொன்ன பையன், அடுத்த மாதம் உங்கள் பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேறொருவரிடம் கேள்வி கேட்கிறான். எந்தக் கேள்வி வலிக்கும், எந்தக் கேள்வி பேச வைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனிடமிருந்து கற்றுக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இரகசியம்

அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று ஒவ்வொரு தன்னார்வலரும் உறுதிமொழி எடுக்கிறார். நம் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். தமிழ்ப் பள்ளி, கோயில், பொங்கல் விழா என்று ஓர் ஊரில் நாம் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். யாருடைய பிள்ளை எங்கே மாட்டியது என்ற செய்தி ஒரு சாப்பாட்டு வரிசைக்குள் ஊரைச் சுற்றிவிடும்.

ஆகவே காரில் ஏறியதும் "இன்னிக்கு யாரு வந்தா?" என்று கேட்காதீர்கள். பெயர் வேண்டாம், என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்றும் கேட்காதீர்கள். ஊர் சிறியதானால் விவரமே பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கலாம். பிள்ளை சொல்லும் பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்குக்கு வந்தவர் தெரிந்த முகமாக இருந்தால், உடனே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி அந்த வழக்கிலிருந்து விலகிவிடவேண்டும். பிறகு அந்தக் குடும்பத்தை விழாவில் பார்த்தால், எப்போதும் போலப் பேசுவதுதான் மரியாதை.

யாரை யார் விசாரிக்கிறார்கள்?

வசதியான பகுதிப் பிள்ளைகள் மட்டும் ஜூரியில் உட்கார்ந்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை விசாரித்தால் அதைச் சக வயதினர் நீதிமன்றம் என்று சொல்வதில் பொருளில்லை. நியூயார்க்கின் புரூக்லினில் ரெட் ஹூக் என்ற பகுதி இருக்கிறது. பெரிய அரசுக் குடியிருப்பைச் சுற்றி அமைந்த அந்தப் பகுதியில், உள்ளூர்ப் பிள்ளைகளையே பயிற்றுவித்து இளையோர் நீதிமன்றம் நடத்துகிறார்கள். இரவில் வெளியே சுற்றுவதற்கு அங்கே என்ன காரணங்கள் இருக்கும், பள்ளிக்குப் போகும் வழியில் யாருக்குப் பயப்படவேண்டும் என்பதெல்லாம் கேட்பவருக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் பிள்ளைக்கு அப்படிப்பட்ட அனுபவம் இல்லாமல் இருக்கலாம். அது குறையில்லை. ஆனால் தனக்குத் தெரியாத வாழ்க்கை எதிரே உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பு இருக்கவேண்டும். 'நானாக இருந்தால் இப்படிச் செய்திருக்கமாட்டேன்' என்ற எண்ணம் வரும்போதெல்லாம், 'நான் அந்தப் பிள்ளையின் வீட்டில் பிறந்திருந்தால்?' என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் நான்கு மாநிலங்களில் ஆராய்ந்து 2002-ல் முடிவுகளை வெளியிட்டது. இந்த நீதிமன்றத்துக்கு வந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் மீண்டும் குற்றத்தில் சிக்கியவர்கள் அலாஸ்காவில் 6 சதவீதம். வழக்கமான முறையில் நடத்தப்பட்டவர்களில் 23 சதவீதம். மிசௌரியில் இது 9-க்கு 28. அரிசோனாவில் 9-க்கு 15. மேரிலாந்தில் மட்டும் நேர்மாறாக 8-க்கு 4. ஒப்பிடப்பட்ட மேரிலாந்துப் பிள்ளைகளுக்குக் காவல்துறையே நல்ல மாற்றுத் திட்டம் ஒன்றை நடத்திவந்தது என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்கவேண்டும்.

அலாஸ்கா, மிசௌரி இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. நீதிபதி இருக்கை உட்பட விசாரணை முழுவதையும் பிள்ளைகளே நடத்தினார்கள். பெரியவர்கள் ஒதுங்கி நின்று கவனித்த இடத்தில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

உங்கள் பிள்ளையே வழக்குக்கு வந்தால்

இதையும் சொல்லியாகவேண்டும். நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளையும் ஒரு நாள் தவறலாம். இந்த நீதிமன்றத்துக்கு வரச் சம்மதிப்பதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. குற்றத்தை ஒப்புக்கொள்வது நிபந்தனையாக இருப்பதால், கையெழுத்திடுமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். விசாவில் இருக்கும் குடும்பங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. விசாரணை நாளில் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்திருங்கள், அது போதும்.

பெற்றோருக்குக் கடைசியாக

தன்னார்வ மணி நேரம் கணக்கில் ஏறும், கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாம், சட்டம் படிக்க ஆர்வம் வரலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் அனுப்பினால், பிள்ளை எதிரே உட்கார்ந்திருப்பவரைத் தன் விண்ணப்பத்தின் ஒரு வரியாகப் பார்க்கத் தொடங்கிவிடும். அங்கே வருபவர்கள் தங்கள் வாழ்க்கையின் மோசமான ஒரு நாளைப் பற்றிப் பேச வருகிறார்கள். அதைப் பொறுமையாகக் கேட்கத் தயாராக இருக்கும் பிள்ளையை அனுப்புங்கள். தயாராக இல்லை என்றால் ஓராண்டு பொறுத்து அனுப்புங்கள். கேட்கத் தெரிந்த ஒரு ஜூரி, கடுமையாகத் தீர்ப்புச் சொல்லும் பத்துப் பேரைவிட அந்த அறைக்குத் தேவை.